மூன்றாம் நம்பர் ராட்

என்ஜினின் அடியிலிருந்து தட்டும் சத்தம் வந்தால் சேம்பரை, அதாவது அடியில் உள்ள ஆயில் தொட்டியை, கழற்றி ஷெல்லை, அதாவது பேரிங்கின் உட்பக்கத் தகட்டை, மாற்றிவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் மறுபேச்சுப் பேசாத தீர்ப்பு. கொழிஞ்சாம்பாறையில் கேட்டாலும் வேலந்தாவளத்தில் கேட்டாலும் எல்லை தாண்டிப் பொள்ளாச்சியில் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் பக்கம் போனால் மலையாளத்தில் சொல்வார்கள். தென்னந்தோப்புகளில் ஆயில் என்ஜின் ஓடிய காலத்திலிருந்து தேங்காய் லாரிகள் ஓய்வில்லாமல் ஓடும் இந்நாள் வரை, சத்தத்தை வைத்தே என்ஜினின் கோளாறைச் சொல்லிவிடும் காதுகள் இங்கே நிறைய உண்டு. அந்தக் காதுகளை நான் மதிக்கிறேன். அவர்கள் சொல்லும் வைத்தியம் மட்டும் நெடுநாளாக என் மனத்துக்கு ஒப்பவில்லை. எங்கள் அம்பாசடரின் என்ஜினைப் பிரித்துப் பார்த்த பிறகு அது ஏன் ஒப்பவில்லை என்பது எனக்கே தெளிவானது. அதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இந்த என்ஜின் பட்டறையில் கட்டியதல்ல. தோட்டத்துச் சாளையில் சித்தப்பாவும் நானும் சேர்ந்து கட்டியது. அப்பா வைத்திருந்த காரின் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின், பிளாக்கும் கிராங்க் ஷாஃப்டும் அதனுடையவையே. பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் பழைய கனெக்டிங் ராடுகளில் ஒன்றில் ஷெல் இடத்தைவிட்டுச் சுற்றிவிட்டு, கிராங்க் பக்கத்துப் பெரிய முனையான பிக் எண்டின் உட்புறம் கெட்டுப்போயிருந்ததால், நான்கு ராடுகளையும் செட்டாக மாற்ற வேண்டி வந்தது. அம்பாசடரின் உற்பத்தி 2014-இல் நின்றுபோனது. இந்தப் பெட்ரோல் என்ஜினோ அதற்கு வெகுகாலம் முன்பே அருகிவிட்டது. ஷெல், ரிங், கேஸ்கட் போன்றவை இன்றும் கிடைக்கும். ராட் வேண்டுமென்றால் வேறொரு பழைய என்ஜினிலிருந்துதான் எடுக்க வேண்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு சாலக்குடிப் பக்கத்திலிருந்து உடைப்புக்கு வந்த ஓர் அம்பாசடரின் ராட் செட், கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடை ஒன்றில் கிடைத்தது. சிலிண்டர் போரிங், கிராங்க் கிரைண்டிங், ராட் அலைன்மென்ட் ஆகிய மூன்றையும் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துச் செய்து வாங்கினோம். பில்லில் மூன்றுக்கும் தனித்தனி வரி இருந்தது; மூன்றுக்கும் பணம் கொடுத்தோம். கூட்டிக் கட்டிய வேலை மட்டுமே எங்களுடையது. சித்தப்பா பம்ப்செட் ஃபிட்டராக இருந்தவர். டார்க் ரெஞ்சில் ‘கிளிக்’ என்று கேட்காத எந்த நட்டையும் அவர் முடிந்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

என்ஜின் சில ஆயிரம் கிலோமீட்டர் நன்றாகவே ஓடியது. ஆயிலும் குடிக்கவில்லை, புகையும் விடவில்லை. அதன் பிறகுதான் சத்தம் வந்தது.

சத்தத்தின் இடம்

அது ஏற்றத்தில் வரவில்லை, வேகத்திலும் வரவில்லை. கோபாலபுரம் தாண்டிச் சமதளத்தில் மூன்றாம் கியரில் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்தால், அந்த ஓரிரு நொடிகளுக்கு மட்டும் அடியிலிருந்து அழுத்தமாக டக்டக்கென்று கேட்டது. காலை முழுவதும் எடுத்துவிட்டால் மறைந்தது, அழுத்தி மிதித்தாலும் மங்கியது. பிக் எண்ட் பேரிங்கில் இடைவெளி கூடிவிட்டது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான அறிகுறி கிடையாது. என்ஜின் இழுக்கும்போது வெடிப்பின் அழுத்தம் ராடைக் கிராங்க் பின்னின் மேல், அதாவது ராட் மாட்டியிருக்கும் கிராங்க்கின் உருளைப் பகுதியின் மேல், அமுக்கியே வைத்திருக்கிறது. சுமை இறங்கி, இழுப்பும் தள்ளலும் ஏறக்குறையச் சமமாகும் அந்தக் கட்டத்தில் ராட் ஒவ்வொரு சுற்றிலும் பின்னின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தாவுகிறது. இடைவெளி சரியாக இருந்தால் நடுவில் உள்ள ஆயில் படலம் அந்தத் தாவலைத் தாங்கிக்கொள்ளும். இடைவெளி கூடிவிட்டால் இரும்பில் இரும்பு மோதும்.

ஆனாலும் பொருத்தமான அறிகுறி என்பதும் நிரூபணம் என்பதும் ஒன்றல்ல. டீக்கடையில் பாதிப் பேர் பெட்ரோலைக் குறை சொன்னார்கள். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய கார்களின் ரப்பர்க் குழாய்களையும் டயாஃப்ரங்களையும் கெடுக்கும் என்பது உண்மை. பழைய கார்புரேட்டரில் கலவை கொஞ்சம் இளைத்துப்போகும் என்பதும் உண்மை. ஆனால் எத்தனாலுக்கு ஆக்டேன் அளவு பெட்ரோலைவிட அதிகம், ஆகவே வெடிப்புத் தட்டலுக்கு அதைக் காரணம் சொல்ல முடியாது. அந்தத் தட்டல் அழுத்தி மிதிக்கும்போதுதான் வரும், மேலிருந்து சில்லென்று கேட்கும். டிஸ்டிரிபியூட்டரைச் சற்றுப் பின்னுக்குத் திருப்பினால் நின்றுவிடும். எங்கள் சத்தம் இந்த மூன்றிலுமே மாறாக நடந்துகொண்டது.

அடுத்து, சத்தம் கிராங்க்கின் வேகத்தில் வருகிறதா, கேம் ஷாஃப்டின் வேகத்தில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வால்வுகளை இயக்கும் டேப்பெட், ராக்கர் ஆகியவற்றின் சத்தம் கிராங்க்கின் பாதி வேகத்தில்தான் வரும். இதைக் காதால் எண்ண முடியாது; டைமிங் லைட்டை ஒரு பிளக் ஒயரில் மாட்டினால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை மின்னும். ஒரு மின்னலுக்கு ஒரு தட்டு என்றால் மேலே தேடலாம், இரண்டு தட்டு என்றால் கீழே தேட வேண்டும். எங்களுக்கு இரண்டு கேட்டது. பிஸ்டன் தளர்வாக இருந்து சிலிண்டர் சுவரில் மோதும் சத்தம் காலையில் குளிர்ந்த என்ஜினில் பலமாக இருந்து, சூடேறச் சூடேற அடங்கும்; எங்களுடையதோ சூடேறிய பிறகே தெளிவாகக் கேட்டது. ஆக மிஞ்சியவை பிக் எண்ட், கிராங்க்கைப் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங் இரண்டும்தான்.

இந்த என்ஜினில் மெயின் பேரிங் மூன்றே மூன்று. நடு மெயின், இரண்டாம் சிலிண்டருக்கும் மூன்றாம் சிலிண்டருக்கும் இடையில் இருக்கிறது. நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து நுனியைப் பிளாக்கின் ஓரமாக நகர்த்தியபோது சத்தம் அந்த நடுப்பகுதியில்தான் பலமாக இருந்தது. அது மெயினா, பக்கத்து ராடா என்பதை ஸ்க்ரூ டிரைவர் பிரித்துச் சொல்லாது. அதைச் சொல்வது பிளக் ஒயர். ஐடிலுக்குச் சற்று மேலே என்ஜினை நிறுத்தி, ஒவ்வொரு பிளக்காகக் கரண்ட்டை நிறுத்திப் பார்த்தோம். அடி வாங்கும் ராட் உள்ள சிலிண்டரில் வெடிப்பு நின்றால் சத்தம் மாறும் அல்லது மங்கும். நடு மெயின் போயிருந்தால் இரண்டை நிறுத்தினாலும் மூன்றை நிறுத்தினாலும் ஏதேனும் மாற்றம் தெரிய வேண்டும். எங்களுக்கு மூன்றில் மட்டும்தான் சத்தம் இறங்கியது. இரண்டில் அசையவே இல்லை. சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டே, “மூணாம் நம்பர் ராடு கண்ணு, இனி ஸ்டார்ட் பண்ண வேண்டாம்” என்றார்.

ஆயிலை இறக்கி வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டினோம். வெயிலில் துணியைச் சாய்த்துப் பிடித்தால், சாம்பல் நிறத்தில் மாவுபோன்ற பொடியும் அதன் நடுவே செம்பு நிறத்தில் மிக நுண்ணிய சில துணுக்குகளும் மினுங்கின. காந்தத்தை அருகில் கொண்டுபோனால் ஒன்றுகூட நகரவில்லை. காந்தம் இழுத்திருந்தால் ரிங், டேப்பெட், கிராங்க் என்று இரும்புச் சாமான்களைச் சந்தேகிக்கலாம். இது ஷெல்லின் பொடி. ஷெல் என்பது இரும்பு முதுகு, அதன் மேல் செம்பும் ஈயமும் கலந்த உலோகம், அதற்கும் மேலே ஈயமும் வெள்ளீயமும் கலந்த மிக மெல்லிய சாம்பல் நிறப் பூச்சு என்று அடுக்கடுக்காக அமைந்த பொருள். அந்தப் பூச்சின் கனம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள்தான் இருக்கும்; பட்டறைக் கணக்கில் ஒரு தௌ. செம்பு தெரிகிறது என்றால் பூச்சு தேய்ந்து போய்விட்டது என்று பொருள்.

அண்ணனின் கணக்கு

எங்கள் ஊரில் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இந்த என்ஜின் ஓடிய டாக்ஸிகள் பெரும்பாலானவற்றில் அவர் கை பட்டிருக்கும். துணியைப் பார்த்தவுடனேயே அவர் சொல்லிவிட்டார்: “சேம்பரைக் கழட்டி நாலு ஜோடி ஷெல்லையும் மாத்தி உட்ருங்க தம்பி. என்ஜினை எறக்கவே வேண்டாம். கெட்டி ஆயிலா ஊத்துங்க, சத்தம் நின்னுபோயிரும்.”

“நின்னு மறுபடியும் வந்துச்சுன்னா என்ன பண்றதுங்கண்ணா?”

“வந்தா மறுபடியும் மாத்திக்கலாம். ஷெல்லு இருக்கறதே அதுக்குத்தானுங்க தம்பி.”

அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. கிராங்க்கைக் காப்பாற்றத் தான் தேய்ந்துபோகும்படி மென்மையாகச் செய்யப்பட்ட பொருள்தான் ஷெல். அடுத்த நாள் காலை சவாரிக்குப் போயாக வேண்டிய டாக்ஸிக்காரருக்கு என்ஜினை இறக்கி வாரக்கணக்கில் காத்திருக்க வசதி கிடையாது. இரவோடு இரவாக வண்டிக்கு அடியில் படுத்து ஷெல் மாற்றிக்கொடுத்து எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பை அண்ணன் ஓடவிட்டிருக்கிறார். ஆனால் சத்தம் நிற்பதையே வேலை முடிந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம், அந்த நெருக்கடி இல்லாத இடத்திலும் தொடர்வதுதான் எனக்கு உறுத்துகிறது. கெட்டி ஆயில் யோசனையும் அப்படித்தான். பேரிங்கின் ஓரம் வழியாக ஆயில் ஒழுகும் அளவு இடைவெளியின் மும்மடியைப் பொறுத்தது. இடைவெளி இரண்டு மடங்கானால் ஒழுக்கு எட்டு மடங்காகும். கேஜில் அழுத்தம் விழுவது அதனால்தான். ஆயில் கெட்டியானால் ஒழுக்கு குறைந்து முள் மேலேறும், சத்தமும் சற்று அமுங்கும். தேய்ந்த இடம் தேய்ந்தபடியே இருக்கும். ஒரு சிலிண்டரின் ஷெல் மட்டும் சில ஆயிரம் கிலோமீட்டரில் செம்புவரை தேய்ந்தது ஏன் என்ற கேள்விக்கு அண்ணனின் வைத்தியத்தில் இடமே இல்லை. ஒரே ஆயில், ஒரே பம்ப், ஒரே கை கட்டிய நான்கு பேரிங்குகளில் மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் போனால், அந்த ஒன்றுக்கென்று தனியாக ஒரு காரணம் இருந்தே தீர வேண்டும்.

ஷெல்லில் தெரிந்த கோடு

என்ஜினைச் செயின் பிளாக்கில் தூக்கி இறக்கினோம். ஹெட்டைக் கழற்றி, பிளாக்கைக் கவிழ்த்து, சேம்பரை எடுத்த பிறகு சித்தப்பா மூன்றாம் நம்பர் ராடின் பிக் எண்ட் மூடியான கேப்பின் போல்ட்டுகளைத் தளர்த்தினார். இந்த என்ஜினின் ராடுகளில் பிக் எண்ட் நேராகப் பிளக்கப்படாமல் சாய்வாகப் பிளக்கப்பட்டிருக்கும். கேப் ஒரு பக்கமாகச் சரிந்து வெளியே வரும். அதிலிருந்த கீழ் ஷெல்லை நகத்தால் தள்ளி எடுத்து அவர் என் உள்ளங்கையில் வைத்தார்.

தேய்மானம் ஷெல் முழுக்கப் பரவியிருக்கும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. ஷெல்லின் முன்பக்க விளிம்பை ஒட்டி, ஏறத்தாழ அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு, சாம்பல் பூச்சு முற்றிலும் போய்ச் செம்பு பளபளத்தது. செம்பின் எல்லை நேராகக்கூட இல்லாமல், நடுவில் அகன்று ஓரங்களில் குறுகி, மெல்லப் பூச்சுக்குள் கரைந்திருந்தது. பின்பக்க விளிம்பில் பூச்சு புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. தொழிற்சாலையில் அதை இழைத்த கருவியின் நுண்கோடுகள்கூடத் தெரிந்தன. பிறகு ராடின் பக்கம் இருந்த மேல் ஷெல்லை எடுத்தோம். அதில் எல்லாம் தலைகீழ். பின்பக்க விளிம்பில் செம்பு, முன்பக்க விளிம்பில் புதுக்கருக்கு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது சித்தப்பா எதுவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது.

தேய்ந்த ஷெல் தன் காரணத்தைத் தானே எழுதி வைத்திருக்கும். அழுக்கு உள்ளே போயிருந்தால் சுற்றுவாட்டில் கீறல்கள் இருக்கும், பூச்சுக்குள் துகள்கள் பதிந்திருக்கும். ஆயில் வராமல் காய்ந்திருந்தால் பரப்பு முழுவதும் உருகி இழுபட்டிருக்கும், கருத்தும் இருக்கும். கேப் சரியாக உட்காராமல் நகர்ந்திருந்தால் இரண்டு ஷெல்களும் சேரும் முனைகளுக்கு அருகில், எதிரெதிர்ப் பக்கங்களில் தேய்மானம் தெரியும். கிராங்க் பின் ஒருபுறம் பருத்து மறுபுறம் மெலிந்திருந்தால் மேல் ஷெல்லும் கீழ் ஷெல்லும் ஒரே விளிம்பில் தேயும். மேலே ஒரு விளிம்பிலும் கீழே அதற்கு எதிர் விளிம்பிலும் தேய்ந்திருந்தால் ராட் வளைந்திருக்கிறது. பிஸ்டன் பின்னும் கிராங்க் பின்னும் இணையாக இல்லாததால், ராட் ஷெல்லின் முழு அகலத்தில் உட்காராமல் மூலையிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறது.

பிஸ்டனை வெளியே எடுத்தபோது அதுவும் அதையே சொன்னது. ரிங்குகளுக்குக் கீழே உள்ள பாவாடைப் பகுதியின் ஒரு பக்கத்தில் உரசல் மேலே இருந்தது, எதிர்ப் பக்கத்தில் கீழே இருந்தது. இரண்டையும் சேர்த்து மனத்தில் கோடு போட்டால் பிஸ்டன் சிலிண்டருக்குள் சாய்ந்தபடியே ஓடியது புரியும். எடுப்பதற்கு முன்பே, நான்கு பிஸ்டன்களையும் ஒவ்வொன்றாக உச்சிக்குக் கொண்டுவந்து டெப்த் கேஜால் அளந்து வைத்திருந்தோம். மூன்றாவது மட்டும் மற்றவற்றைவிட 12 தௌ தாழ்ந்து நின்றது. வளைந்த ராட் நீளத்தில் குறையும், அந்தக் குறைவு இங்கே தெரிகிறது. கம்ப்ரஷன் கேஜில் இதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். 73 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் 12 தௌ என்பது ஒன்றேகால் கன சென்டிமீட்டர் இடம்தான். அழுத்த விகிதம் 8 என்று இருந்தால் 7.8 ஆகும். கேஜின் முள்ளுக்கு அது ஒரு வேறுபாடே அல்ல. அதனால்தான் சத்தம் வருவதற்கு முன்பு நாங்கள் எடுத்த எந்த அளவிலும் இது அகப்படவில்லை.

ராட் எப்படி வளைந்திருக்கும் என்பதை யோசிக்கும்போது சாலக்குடி வெள்ளம் நினைவுக்கு வராமல் இருக்காது. தண்ணீரை அமுக்க முடியாது. இந்த என்ஜினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 372 கன செ.மீ.; விகிதம் 8 என்றால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் 53 கன செ.மீ., அதாவது அரை டம்ளர் டீ. அதைவிடக் கூடுதலாகத் தண்ணீர் உள்ளே நின்ற நிலையில் யாராவது ஸ்டார்ட்டரைத் தட்டியிருந்தாலோ, ஓடிக்கொண்டிருந்த வண்டி தண்ணீரை உள்ளே இழுத்திருந்தாலோ, அந்த விசை முழுவதையும் ராட்தான் வாங்கியிருக்க வேண்டும். இன்லெட் வால்வு திறந்திருந்த சிலிண்டரில் மட்டும் தண்ணீர் போயிருக்கும். நான்கில் ஒன்று மட்டும் வளைந்திருப்பதற்கு அதுவே போதுமான விளக்கம். பில்லில் இருந்த அந்த ஒரு வரி உண்மையாக இருந்திருந்தால், இந்த ராட் எங்கள் என்ஜினுக்குள் போயிருக்கவே போயிருக்காது. அலைன்மென்ட் பார்ப்பது என்றால் பிக் எண்டில் மேண்ட்ரெல் என்னும் ஒரு நேர் உருளை, சின்ன முனையில் பின், இரண்டும் இணையாக இருக்கின்றனவா என்று டயல் கேஜில் அளப்பது. 100 மி.மீ. நீளத்துக்கு 0.05 மி.மீ. வளைவு என்பதைப் போன்ற வரம்புகளை என்ஜின் கையேடுகள் சொல்கின்றன. ராடைக் கையில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் அந்த வளைவு தெரியாது.

அண்ணனிடம் ஷெல்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “ராடு வளைஞ்சுதான் இருக்குதுங்க தம்பி” என்று ஒப்புக்கொண்டார். “ஆனாப் புது ஷெல்லு போட்டிருந்தீங்கன்னா இன்னொரு வருசம் ஓடியிருக்கும்” என்றும் சேர்த்துச் சொன்னார். ஓடியிருக்கும், அதை நான் மறுக்கவில்லை. அந்த ஒரு வருடத்தில் கிராங்க் பின் இன்னும் தேய்ந்து கிரைண்டிங் வரம்பையே தாண்டியிருக்கும், ஷெல் மீண்டும் சுற்றியிருக்கும், ராட் முறிந்து பிளாக்கைத் துளைத்திருந்தாலும் வியப்பில்லை. இந்த பிளாக் போனால் இன்னொன்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

மறுபடியும் கட்டுவதற்கான வரிசை

இந்த முறை திட்டத்தில் நாங்கள் மாற்றியது வேலைகளை அல்ல, அவற்றின் வரிசையை. வழக்கமாக முதலில் வாங்குவது ஷெல் செட்டும் ரிங் செட்டும்தான். கடைக்குப் போய் ‘பத்து அண்டர்சைஸ்’ (10 தௌ மெலிய அரைத்த பின்னுக்கான ஷெல்) என்று கேட்டு வாங்கி வைத்துவிட்டு, அதற்கு ஏற்றபடி கிராங்க்கை அரைக்கச் சொல்வார்கள். எங்கள் கணக்கில் ஷெல் கடைசியாக வாங்க வேண்டிய பொருள். அதற்கு முன்னால் ஒவ்வொரு கேள்வியாக விடை கிடைத்தாக வேண்டும், ஒன்றின் விடை அடுத்ததன் செலவையே இல்லாமல் ஆக்கிவிடலாம்.

முதல் கேள்வி கிராங்க்கைப் பற்றியது. மூன்றாம் பின்னை மைக்ரோமீட்டரால் பல கோணங்களில் அளந்தபோது 3 தௌ அளவுக்கு முட்டை வடிவமாகியிருந்தது. ஓரங்கள் நடுவைவிட மெலிந்திருந்தன. ஏற்கெனவே 10 தௌ அரைத்த கிராங்க் இது. இன்னொரு 10 அரைத்தால் சரியாகிவிடும். 40 வரைக்கும் ஷெல் கிடைக்கிறது என்பதால் கவலை இல்லை. ஆனால் இத்தனை நாள் மூலையில் அடி வாங்கிய பின்னில், பின்னும் அதன் பக்கச் சுவரான கன்னமும் சேரும் வளைவில் மயிரிழை விரிசல் இருந்தால் அரைப்பதே வீண். ஆகவே அரைப்பதற்கு முன்பு காந்த முறையில் விரிசல் சோதனை. அதில் தேறிய பிறகுதான் கிரைண்டிங், அப்போதும் அந்த வளைவின் ஆரம் குறையாமல் அரைக்க வேண்டும். அவசரத்தில் அந்த மூலையைக் கூர்மையாக விட்டுவிட்டால், அளவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் கிராங்க் அங்கேதான் முறியும். மூன்றாம் பின்னை மட்டும் அரைத்தால் போதும், மற்ற மூன்றின் உலோகத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்பது சித்தப்பாவின் கருத்து. நான்கும் ஒரே அளவில் இருந்தால்தான் நாளைக்கு இந்த என்ஜினைத் திறக்கும் வேறொருவர் குழம்பாமல் இருப்பார் என்பது என் கருத்து. இதில் இன்னும் முடிவாகவில்லை.

இரண்டாவது ராடுகள். வளைந்த ராடைப் பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தித் தருகிறேன் என்று சொல்பவர்கள் உண்டு. பழைய நாள்களில் அது சாதாரண வேலை. ஒருமுறை வளைந்து நிமிர்ந்த ராடை நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடும் என்ஜினில் போட எனக்குத் துணிவில்லை. மற்றவற்றைப் பார்க்காமல் ஒன்றை மட்டும் மாற்றவும் கூடாது. ஒரே வெள்ளத்தில் நனைந்த மற்ற மூன்றும் மேண்ட்ரெலில் தேறினால்தான் அவற்றை வைத்துக்கொள்ள முடியும், நான்காவதின் எடையும் அவற்றோடு ஒத்துப்போக வேண்டும். இந்த என்ஜினில் பிஸ்டன் பின்னை ராடின் மேல்முனையே ஒரு சிறு போல்ட்டால் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அது தளர்ந்தால் பின் நகர்ந்து சிலிண்டர் சுவரைக் கிழித்துவிடும். அந்த நான்கு போல்ட்டுகளும், பிக் எண்ட் போல்ட்டுகளும், அவற்றின் பூட்டுத் தகடுகளும் விலையைப் பார்க்காமல் புதிதாகவே போடப்படும்.

மூன்றாவது, எல்லோரும் கழுவுவது என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் வேலை. ஷெல்லின் பொடி ஆயிலோடு என்ஜின் முழுக்கச் சுற்றியிருக்கிறது. ஃபில்டர் இருந்ததே என்று கேட்கலாம். குளிர்ந்த ஆயிலில் அல்லது ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து ஆயிலை வடிகட்டாமலேயே உள்ளே அனுப்பிவிடும். கிராங்க்கின் உள்ளே மெயினிலிருந்து பின்னுக்குச் சாய்வாகப் போகும் துளைகள், பிளாக்கின் நீண்ட ஆயில் வழி, கேம் ஷாஃப்டின் பேரிங்குகள், பம்ப்பின் உள்வயிறு, ரிலீஃப் வால்வு என்று அது தங்காத இடம் கிடையாது. ஆயில் வழிகளின் முனைகளில் உள்ள அடைப்புகளைக் கழற்றாமல் டீசலை ஊற்றிக் காற்றடித்துவிட்டால், உள்ளே படிந்தது புது ஷெல்லுக்காகவே காத்திருக்கும். சிலிண்டரைக் கல்லால் இழைத்து ஹோன் செய்த பிறகு ஒட்டியிருக்கும் கல்தூளை டீசலும் பெட்ரோலும் எடுக்காது. சூடான தண்ணீரும் சோப்பும் பிரஷ்ஷும் வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை தேய்த்து, உடனே காயவைத்து ஆயில் தடவ வேண்டும். பம்ப்பின் பல்லிலும் மூடியிலும் கோடு விழுந்திருப்பதால் அது புதிதாக வருகிறது.

இவை முடிந்த பிறகுதான் ஷெல். சுமார் 2 அங்குலம் விட்டமுள்ள பின்னுக்கு 2 தௌ இடைவெளி என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. புது ஷெல்லை மாட்டி, பிளாஸ்டிகேஜ் இழையை வைத்து இறுக்கி, கழற்றி, நசுங்கிய அகலத்தைப் பார்த்து அந்த அளவை நேராகவே உறுதிசெய்துகொள்ளலாம். விளிம்புக்கு விளிம்பு நசுக்கல் ஒரே அகலத்தில் இருக்கிறதா என்பதையும் இந்த முறை பார்ப்போம். பிறகு பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கேஜில் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றி, அதற்குப் பிறகுதான் பெட்ரோல்.

பட்டறை வேலைக்குக் கோயம்புத்தூருக்குத்தான் போக வேண்டும். மாருதி 800 என்ஜினை வைத்துப் பந்தயக் கார்கள் கட்டிய கரிவர்தனின் ஊர் அது. வீட்டில் என்ஜின் கட்டுகிறேன் என்று சொல்பவனைப் பார்த்து யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை. இந்த முறை நான் போன பட்டறையில் வேலையைக் கொடுக்கும் முன்பே ஒன்று கேட்டேன்: “அலைன்மென்ட் பாத்தாச்சுன்னு எழுத வேண்டாங்க. ஒவ்வொரு ராடுக்கும் டயல்ல எவ்வளவு காட்டுச்சுன்னு எழுதிக் குடுங்க.” அங்கிருந்த பெரியவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். அதில் வண்டி எண், பின்னின் அளவு, முட்டை வடிவம், ராடின் வளைவு, முறுக்கல் என்று கட்டம் போட்டுப் பல வருடக் கணக்கு எழுதியிருந்தது. புதுப் பக்கத்தில் எங்கள் காரின் எண்ணை எழுதிக்கொண்டே, அளவு வேண்டும் என்று கேட்பவர்களுக்குக் கிழித்துக் கொடுப்பதுண்டு, கேட்பவர்கள்தான் குறைவு என்றார்.

கிராங்க் இப்போது அங்கே விரிசல் சோதனைக்காக இருக்கிறது. சித்தூரில் தன் அம்பாசடரை டீசலுக்கு மாற்றிய ஒருவரிடம் பழைய பெட்ரோல் என்ஜினின் ராடுகள் எண்ணெய்த் துணியில் சுற்றியபடி இருப்பதாக அண்ணன்தான் விசாரித்துச் சொன்னார். மேண்ட்ரெலில் வைத்து அளந்த பிறகே விலை பேசுவது என்று சித்தூர்க்காரரிடம் சொல்லியிருக்கிறேன், அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த வாரம் அந்த நான்கையும் எங்கள் மூன்றோடு சேர்த்துக் கோயம்புத்தூருக்கு எடுத்துப்போக வேண்டும். அளக்கும்போது தானும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று அண்ணன் கூடவே வருகிறார்.